‘எலும்பு அடர்த்தி’யா, ‘பரப்படர்த்தி’யா? ஸ்கிளீரோடெர்மா கையேட்டுக்கான கலைச்சொல் விவாதம்

குழுவினருக்கு வணக்கம்.

தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளின் எலும்பு நலக் கையேட்டில் ஒரு சொல் உறுத்துகிறது. எக்ஸ்ரே கதிரால் எலும்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தரும் எண்ணை ‘எலும்புத் தாது அடர்த்தி’ என்று எழுதி வருகிறோம். அடர்த்தி என்றால் நிறையைப் பருமனால் வகுப்பது. டெக்ஸாவுக்குப் பருமன் தெரியாது. எலும்பின் நிழலில் அடங்கிய தாதுவின் நிறையை அந்த நிழலின் பரப்பால் வகுக்கிறது. அலகே கிராம்/சதுர செ.மீ. தான்.

1 செ.மீ. கனசதுரம் 1 கிராம் என்றால் டெக்ஸா கணக்கில் அதன் மதிப்பு 1. அதே பொருளால் ஆன 2 செ.மீ. கனசதுரம் 8 கிராம். நிழல் 4 சதுர செ.மீ.; மதிப்பு 2. பொருள் ஒன்றே, எண் இரு மடங்கு. சிறுகூடான உடல்வாகு உள்ளவருக்கு எண் குறைந்து தெரிவதற்கு இதுவும் காரணம். ஆகவே ‘எலும்புத் தாதுப் பரப்படர்த்தி’, சுருக்கமாகப் ‘பரப்படர்த்தி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

– வாதநோய் மருத்துவப் பிரிவு

*

வணக்கம் டாக்டர்.

ஸ்கேன் அறையில் ‘எலும்பு அடர்த்தி டெஸ்ட்’ என்றுதான் எல்லாரும் கேட்டு வருகிறார்கள். நோயாளிகளுக்கான பக்கங்களில் அதை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் ஸ்கேன் எடுப்பவருக்கான பக்கத்தில் ‘பரப்படர்த்தி’ கட்டாயம் வேண்டும். இந்த நோயில் தவறு நடக்கும் இடங்களெல்லாம் அந்த ஒரு சொல்லில் விளங்கிவிடுகின்றன.

இடுப்பை ஸ்கேன் செய்யும்போது காலை 15 முதல் 25 பாகை வரை உட்பக்கம் திருப்பிக் கட்டுகிறோம். தோலும் மூட்டும் இறுகியவருக்குக் கால் அவ்வளவு திரும்பாது. தொடை எலும்பின் கழுத்து குறுகித் தெரியும். அதே தாது சிறிய பரப்பில் வகுபடுவதால் எண் கூடிவிடும். படத்தில் தொடை எலும்பின் மேற்பகுதியில் உட்பக்கமுள்ள சிறு முண்டு பெரிதாகத் துருத்தித் தெரிந்தால் கால் போதுமான அளவு திரும்பவில்லை என்று பொருள்.

அடுத்தது கால்சியம் படிவு. ஏறத்தாழ நான்கில் ஒரு நோயாளிக்குத் தோலடியில் படிகிறது. முதுகெலும்பின் நேர்கோட்டில் அது இருந்தால் எலும்பின் தாதுவோடு சேர்ந்து எண்ணப்படும். இடுப்போ முதுகோ பயன்படாதபோது முன்கையின் ஆர எலும்பை அளப்பது வழக்கம்; இந்த நோயில் முன்கையிலேயே படிவு வரக்கூடும், விரல் மடங்கியவரால் கையைத் தட்டையாக வைக்கவும் முடியாது. இந்த வகைப் பிழைக்குப் ‘பொய்யடர்த்தி’ என்று பெயர் வைக்கலாமா?

– கதிரியக்கப் பிரிவு

*

அனைவருக்கும் வணக்கம்.

பரப்பு + அடர்த்தி, உகரம் கெட்டுப் ‘பரப்படர்த்தி’ எனப் புணரும். இலக்கணத் தடை இல்லை. மின்னூட்டத்தைப் பற்றி எழுதும்போது நீளம், பரப்பு, பருமன் என்று அடர்த்தியைப் பிரித்தே சொல்கிறோம். மருத்துவத்திலும் அப்படிப் பிரிப்பதுதான் நேர்மை.

‘பொய்யடர்த்தி’யை ஏற்க முடியவில்லை. எண் பொய்யாகக் கூடுவதை மட்டுமே அது சுட்டும். எலும்புக்குப் பக்கத்திலுள்ள மென்திசுவை அடிமட்டமாகக் கொண்டு, அதைக் கழித்துத்தான் மென்பொருள் எலும்பைக் காண்கிறது. படிவு அந்த அடிமட்டப் பகுதியில் விழுந்தால் எண் பொய்யாகக் குறையும். இரு திசைக்கும் பொருந்த, கதிர் கடந்து வரும் வழியில் கிடப்பதால் விளையும் பிழை என்ற பொருளில் ‘கதிர்வழிப் பிழை’ என்று ஆக்கலாம். கால்சியம் படிவு, எக்ஸ்ரே படத்துக்காக விழுங்கிக் குடலில் தங்கிய பேரியம், கரையாத மாத்திரை, உலோகக் கொக்கி எல்லாம் இதில் அடங்கும். கால் திரும்பாத பிழை இதில் சேராது. அது ‘கிடப்புநிலைப் பிழை’.

‘ஸ்கிரீனிங்’குக்குத் ‘திரையிடல்’ வேண்டாம். சினிமாத் திரைதான் நினைவுக்கு வரும். ‘முன்னறி சோதனை’ போதும்.

– கலைச்சொல் தொகுப்பு

*

‘கதிர்வழிப் பிழை’ மிகப் பொருத்தம். ‘பொய்யடர்த்தி’யை விட்டுவிடுவோம். நோயாளிப் பக்கத்தில் ‘எலும்பு அடர்த்தி’ இருக்கட்டும், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பரப்படர்த்தி’யைச் சேர்ப்போம். ‘எலும்புத் தேய்மானம்’ என்ற சொல் மட்டும் எங்கும் வரக்கூடாது. மூட்டுத் தேய்மானத்துக்கும் அதையே சொல்வதால், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை உள்ளவர் முட்டிவலி மருந்து கேட்டு நிற்கிறார்.

முன்னறி சோதனைப் பகுதிக்கு என் வரைவு:

“பேரியம் விழுங்கி எடுக்கும் உணவுக்குழாய்ப் படம் திட்டமிட்டிருந்தால், டெக்ஸாவை அதற்கு முன்பே எடுத்துவிடவும். இந்நோயில் குடல் மெதுவாக நகர்வதால் பேரியம் நெடுநாள் தங்கும். ஸ்கேனுக்கு முந்தைய நாளிலிருந்தே கால்சியம் மாத்திரையை நிறுத்தவும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயது கடந்த ஆண்களுக்கும் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண்) −2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் எலும்புப்புரை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இசட்-ஸ்கோரையே (ஒத்த வயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண்) பார்க்கவும், −2.0 அல்லது அதற்குக் கீழ் என்றால் வயதுக்கு உரியதைவிடக் குறைவு.”

எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் ஃபிராக்ஸ் கணக்கியை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் எழுத வேண்டும். அதில் முடக்குவாதத்துக்குத் தனிப் பெட்டி உண்டு, ஸ்கிளீரோடெர்மாவுக்கு இல்லை. ‘இரண்டாம்நிலை எலும்புப்புரை’ (வேறொரு நோயால் வருவது) பெட்டியைத் தேர்ந்தாலும், தொடைக் கழுத்தின் பரப்படர்த்தியை உள்ளிட்டதும் அந்தத் தேர்வு கணக்கை மாற்றுவதில்லை.

மருந்துப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை பெரிய எழுத்தில் வேண்டும். எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் 70 மி.கி. அலெண்ட்ரோனேட், உணவுக்குழாய் சரியாக இயங்காதவருக்கு ஆபத்து. மாத்திரை அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். ஸ்கிளீரோடெர்மாவில் பெரும்பாலோருக்கு உணவுக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் 5 மி.கி. சோலெட்ரோனிக் அமிலம் ஒரு மாற்று. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் நீக்கம் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் குறைந்தால் கூடாது, வைட்டமின் டி குறையை முதலில் சரிசெய்ய வேண்டும். இன்னொரு மருந்தான டெனோசுமாப் ஊசி 6 மாதத்துக்கு ஒருமுறை. தவணை தள்ளினால் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். எது தொடங்கினாலும் முதலில் பல் மருத்துவர். வாய் முழுதாகத் திறக்காதவருக்கு மருந்து தொடங்கிய பிறகு பல் பிடுங்குவது மிகக் கடினம்.

– வாதநோய் மருத்துவப் பிரிவு

*

வரைவு நன்று டாக்டர். ஸ்கேன் அறிக்கைப் படிவத்தில் ‘கதிர்வழிப் பிழை: உண்டு / இல்லை / எந்த முள்ளெலும்பு’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஸ்கேனில் அளக்கும் கீழ்முதுகு முள்ளெலும்புகள் நான்கில், பக்கத்து எலும்பைவிட டி-ஸ்கோர் 1.0க்கு மேல் வேறுபடுவதைக் கணக்கிலிருந்து நீக்கலாம்; குறைந்தது இரண்டாவது மிஞ்ச வேண்டும். ஒன்றே மிஞ்சினால் முதுகெலும்பை வைத்து முடிவு எழுதக்கூடாது. அடுத்த ஸ்கேனை அதே இயந்திரத்தில் எடுத்து, அதே முள்ளெலும்புகளையே நீக்கி ஒப்பிட வேண்டும். அதனால் நீக்கியவற்றின் எண்களைப் படிவத்தில் பதியும் இடமும் விடுகிறேன்.

– கதிரியக்கப் பிரிவு