படையில் இருந்த முதியவர்களுக்குப் பொதி கொண்டுபோன அனுபவங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை

கல்லடியிலிருந்து:

ஒக்டோபர் முதலாந் திகதி முதியோர் தினத்தையொட்டி நாங்கள் பொதி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது இங்கு எழுதும் பலருக்கும் தெரிந்ததே. ஆகையால் அதை விவரிக்காமல், இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இம்முறை பட்டியலில் படையில் இருந்த முதியவர்கள் சிலரின் பெயர்களும் இருந்தன. அவர்களுள் ஒருவர் எண்பதைக் கடந்த தமிழர். நாடு சிலோன் என்று அழைக்கப்பட்ட காலத்தில் இராணுவத்தில் சேர்ந்து, தியத்தலாவையில் பயிற்சி பெற்று, ஓய்வூதியத்துக்கு வேண்டிய சேவைக்காலம் நிறைவதற்கு முன்பே விலகி ஊருக்கு வந்தவர்.

சாரம், துவாய், பால்மா, சவர்க்காரம் அடங்கிய பொதியை மேசையில் வைத்தோம். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எழுந்து போய் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு அலுமாரியின் கீழ்த்தட்டில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளைத் தூக்கி, அதன் அடியிலிருந்து பொலித்தீனில் சுற்றிய சேவைப் புத்தகத்தையும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தையும் எடுத்து எங்களிடம் காட்டினார். எங்களோடு வந்த தம்பி ஒருவர் ஆர்வத்தில் கைத்தொலைபேசியை உயர்த்தியதும், அந்த முதியவரின் கட்டைவிரல் படத்தின் மேல் போய் விழுந்தது. மறைத்தது தன் முகத்தையன்று, தொப்பியில் இருந்த இலச்சினையை. "முகம் கிடக்கட்டும் மனே, இது மட்டும் வேணாம்" என்றார்.

போர்க்காலத்தில் இந்தப் புத்தகம் ஒரு தரப்பின் கையில் அகப்பட்டிருந்தால் அவரைக் காட்டிக்கொடுப்பவர் என்றிருப்பார்கள். மற்றத் தரப்பின் கையில் அகப்பட்டிருந்தால், ஆயுதம் பிடிக்கத் தெரிந்த தமிழன் என்று விசாரணைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். போர் 2009 இல் முடிந்துவிட்டது என்பதை அந்தக் கட்டைவிரல் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இவர்களிடம் போகும்போது படம் எடுப்பதை முற்றாக நிறுத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வாழைச்சேனையிலிருந்து:

கல்லடி அன்பரின் வருத்தம் புரிகிறது. ஆனால் முற்றாக நிறுத்த வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. நாங்கள் கொடுக்கும் பொருளில் பெரும்பகுதி சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் வேலை செய்யும் நம்மவர்கள் அனுப்பும் பணத்தில் வாங்கப்படுகிறது; அந்தப் பணம் எங்கே போனது என்பதற்கு நாங்கள் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, எல்லா முதியவர்களும் ஒளிந்திருக்க விரும்புகிறார்கள் என்று நாமாகவே முடிவு செய்வதும் சரியன்று.

நான் சந்தித்தவர் கடற்படையில் சமையற்காரராக இருந்தவர். நாங்கள் போய் இறங்கியதும், படம் எடுப்பீர்களா என்று அவரே கேட்டார். எடுக்கலாம் என்றோம். எங்களை முற்றத்துக் கதிரைகளில் இருத்திவிட்டு, சிரட்டைக் கரியை மூட்டி, இஸ்திரிப்பெட்டி சூடாகும் வரை காத்திருந்து, வெள்ளைச் சேட்டொன்றின் கொலரையும் கைகளையும் தானே அழுத்தினார். மகள் உதவ வந்தபோது அவர் பெட்டியைக் கைவிடவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை உடனே அனுப்பச் சொல்லி, அது போய்ச் சேர்ந்ததைத் தம் கண்ணால் பார்த்த பிறகே பொதியை வாங்கினார். அவரைப் படம் எடுக்காமல் வந்திருந்தால் அது மரியாதையாக இருந்திருக்குமா? ஆளைக் கேட்டு நடப்பதே முறை என்று நினைக்கிறேன்.

சம்மாந்துறையிலிருந்து:

படம் பற்றிய வாதத்தில் எனக்குச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருக்கிறார்கள். உகனவுக்கு அப்பால் ஒரு குடியேற்றக் கிராமத்தில், போரின்போது மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த சிங்களவர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். முதுமை தொடங்கிவிட்ட மனிதர், தனியாக இருக்கிறார். பொதியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், அடியில் இருந்த இறப்பர்ச் செருப்புச் சோடியை வெளியே எடுத்தார். வலது காலுக்கானதை அணிந்து பார்த்தார். இடது காலுக்கானதைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் இருந்த பலகைத் தட்டை நோக்கி நடந்தார். அந்தத் தட்டில் ஏற்கெனவே புதுச் செருப்புகள் வரிசையாக இருந்தன. அத்தனையும் இடது காலுக்கானவை. சிலவற்றில் கடையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. புதியதையும் அவற்றின் பக்கத்தில் நேராக வைத்துவிட்டு வந்து அமர்ந்தார்.

அவர் முகத்தில் மனக்குறை எதுவும் தெரியவில்லை. தமது செயற்கைக் காலின் பாதத்தில் விரல்கள் பிரிந்திருக்கவில்லை, ஆகவே வார்ச் செருப்பு அதில் நிற்காது, பின்பட்டி உள்ள சப்பாத்துத்தான் சரிவரும் என்று பொறுமையாக விளக்கினார். தமக்கு உண்மையில் வேண்டியது, வெட்டுப்பட்ட காலின் முனைக்கு மாட்டும் பருத்திக் காலுறை என்றார். வெயில் காலத்தில் அது வியர்வையில் நனைந்து நனைந்து கிழிந்துவிடுகிறது. மாற்றிப் போட இன்னொன்று இல்லாவிட்டால் தோல் உரிந்து புண்ணாகிவிடும், புண்ணானால் ஆறும் வரை காலை மாட்ட முடியாது, வெளியே போகவும் முடியாது. செருப்புக்குச் செலவழித்த பணத்தை அந்தக் காலுறைகளுக்குச் செலவழித்திருக்கலாம். எத்தனையோ குழுக்கள் அந்த வீட்டுக்கு வந்து போயிருக்கின்றன. அந்தத் தட்டைப் பார்த்த பிறகும் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

மண்டூரிலிருந்து:

வாழைச்சேனை அன்பர் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார். கணக்குக் காட்டப் படம்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

என் அம்மப்பா இப்போது இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது திருகோணமலையில் படைக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதையும், அதே நாளில் நம்முடைய மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியதையும் அவர் வாயால் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அவர் மிகவும் முதியவராக இருந்த நாட்களில் ஒருமுறை, கோயில் இளைஞர்கள் சிலர் அவருடைய சேவையைக் கேள்விப்பட்டு ஒரு சிறு பொதியோடு வந்தார்கள். பொதியைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு எழுந்தவர்களை அவர் போக விடவில்லை. மூக்குக் கண்ணாடியையும் ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றையும் கொண்டுவரச் சொன்னார். பொதியைத் தரையில் கொட்டி, பிஸ்கட் இரண்டு பக்கற், சவர்க்காரம் மூன்று, சாரம் ஒன்று என்று தாமே எண்ணி எழுதி, கீழே "முழுமையாகவும் பழுதின்றியும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திகதியும் போட்டார். அந்தத் தாளைக் கிழித்து அவர்களிடம் கொடுத்துவிட்டு, கொடுத்தவர்களுடைய கையெழுத்தைத் தம் கொப்பியில் வாங்கிக்கொண்டார். கை நடுங்கியது, ஆனால் எழுத்து ஒன்றும் கோணவில்லை.

அவர்கள் அவரிடம் தானம் கொடுக்க வந்தவர்கள். அவரோ அதைக் களஞ்சியத்துக்குச் சரக்கு வந்து சேர்ந்ததைப் போல முறைப்படி பொறுப்பேற்றார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது போதாதா? அதில் முகமும் இல்லை, இலச்சினையும் இல்லை.

ஏறாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தாதி:

நான் ஒரே ஒருமுறைதான் இப்படிப் போயிருக்கிறேன். படையில் இருந்த அந்த முதியவர் எங்களோடு பேசிக்கொண்டிருக்கையில் அடிக்கடி குனிந்து சாரத்தின் கரையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டுச் சாரத்தை விலக்கிப் பார்த்தபோது, பெருவிரலின் அடியில் பல நாளான நீரிழிவுப் புண் இருந்தது. அன்று நாங்கள் கொண்டுபோன பொதியில் இரண்டு கிலோ சீனி இருந்தது.

ஆகவே அடுத்த முறை போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். சீனி, இனிப்பு பிஸ்கட், சீனி சேர்த்த மாப்பானங்கள் ஆகியவற்றை எல்லாப் பொதிகளிலும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அவற்றுக்குப் பதிலாகப் பயறு, கடலை, சிவப்பரிசி மா கொடுக்கலாம். பல் இல்லாதவர்களுக்குக் கடலையை அவித்து மசிக்கக்கூடிய ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். இரவில் மலசலகூடம் முற்றத்துக்கு அப்பால் இருக்கும் வீடுகளில் ஒரு டோர்ச் லைற் மிகப் பெரிய உதவி. முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களில் எத்தனை பேர் மீண்டும் எழுந்து நடக்கவில்லை என்பதை வார்ட்டில் பார்த்தவள் நான். மூக்குக் கண்ணாடியை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துவிடாதீர்கள், கண்ணைப் பரிசோதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கி, கடைசியாக எப்போது போனார் என்று பாருங்கள். மாதக்கணக்கில் போகவில்லை என்றால், அவரை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய பரிசு.

இன்னொன்று, ஓய்வூதியம் பெறுகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் அதைத் தவறவிட்டால் பணம் நின்றுவிடும். கணவர் இறந்த பின் தமக்கும் ஓய்வூதியம் கிடைக்கக்கூடும் என்று தெரியாமலே கூலி வேலைக்குப் போகும் மனைவிமாரும் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் இவற்றை விசாரித்து, படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை, எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டும். கல்லடியிலும் மண்டூரிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது இங்கு எழுதப்படுவதைப் பார்த்தாலே தெரிகிறது.

செங்கலடியிலிருந்து:

சம்மாந்துறைச் சகோதரர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்தச் செருப்புத் தட்டு என்னையும் உலுக்கியது, அதை மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990 இல் எங்கள் பகுதியில் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராதவர்களில் என் அண்ணனும் ஒருவர். என் அம்மா அவருக்காகக் காத்திருந்தே கண்ணை மூடினார். அந்த ஆண்டுகளில் சீருடை அணிந்திருந்த ஒருவருடைய வீட்டுக்குள் பொதியோடு போக என் கால் வராது. இதை வெறுப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். அவருக்கு அந்தக் காலுறை கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அதை வேறொருவர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

அதே வேளை, ஓய்வுபெற்ற ஒருவரிடம் நான் போய் வருகிறேன். பொறியியற் படையில் இருந்து 1983 க்கு முன்பே விலகி வந்த தமிழர். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது விடுமுறையில் ஊரில் இருந்தவர், மறுநாள் விடிந்ததும் அயலவர்களைச் சேர்த்துக்கொண்டு, வீதிக்குக் குறுக்கே விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்து வழி எடுத்தார். அப்போது நான் சிறுமி. வயிற்றுப்பிள்ளையோடு இருந்த என் சித்தியை அந்த வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

போன முறை நான் பொதியை நீட்டியபோது அதை மடியில் வைத்துக்கொண்டு, மரம் அறுத்ததை மீண்டும் சொல்லத் தொடங்கினார். இரண்டு பக்கமும் தாங்கலில் கிடக்கும் மரத்தை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் நடுவில் வாள் இறுகிவிடும், ஆகவே மேலே கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு கீழிருந்து அறுக்க வேண்டும் என்று, பொதியைக் குற்றியாக்கி உள்ளங்கையை வாளாக்கிக் காட்டினார். பிஸ்கட் பக்கற் நசுங்கியதை அவர் கவனிக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. எத்தனை மரம், எந்தச் சந்தி, யார் வாளின் மறுமுனையைப் பிடித்தார் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கேட்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

தாதி அம்மா சொன்னபடி அவருடைய கிளினிக் கொப்பியை இந்த மாதம் பார்க்கிறேன். படிவம் நிரப்ப வேண்டிய வீடுகள் செங்கலடிப் பக்கத்தில் இருந்தால் எனக்கு அறிவியுங்கள், நான் போகிறேன். உகனவுக்குப் போகும் வாகனத்தில் மட்டும் எனக்கு இடம் வைக்க வேண்டாம்.