கடற்பனியா, ஆழித்துவலையா?

கலைச்சொல் குழுவுக்கு வணக்கம். சிறுவர் அறிவியல் இதழுக்கு ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பிரான்சில், வில்ஃப்ரான்ஷ் கடலாய்வு நிலையத்தில் உருவான ஒரு கேமரா பற்றியது. கப்பலிலிருந்து 6000 மீட்டர் ஆழம் வரை இறக்கலாம். சிவப்பு ஒளி பளிச்சிடும்போது முன்னால் இருக்கும் கொஞ்சம் தண்ணீர் மட்டும் படமாகும். அதில் தெரியும் துகள்களை எண்ணி அளப்பார்கள். செத்த பாசி, உயிரிகளின் கழிவு, சளி எல்லாம் திரண்டு மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்குமே, மரைன் ஸ்நோ, அதற்குச் சொல் வேண்டும். 'கடற்பனி' போதுமா?
– ம.

---

போதாது. உறைந்த கடல் என்றுதான் படிப்பவன் நினைப்பான். தவிர, நமக்குப் பனி என்றால் முதலில் மார்கழிப் பனி. 'துவலை' (நீர்த்துளி, தூறல்) என்ற அருமையான சங்கச் சொல் சும்மா கிடக்கிறது. துவலை, தூவு, தூறல், துகள், தூசி எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. பேனாவுக்குத் தூவல் என்று வைத்தோமே, அதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும் (தனி மடல் எழுதுகிறேன்). ஆழித்துவலை என்க.
– புலவர்

---

புலவர் ஐயா, என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் துவையல் என்றுதான் படிப்பார்கள். 'துகள்பொழிவு' என்றால் கேட்டவுடன் புரியும்.
– செ.

---

துகட்பொழிவு! புணர்ச்சி விதியையாவது விட்டுவையுங்கள்.
– புலவர்

---

கடலாய்வில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று. எல்லாத் துகளும் மரைன் ஸ்நோவில் சேராது. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திரள்களைத்தான் அப்படி அழைக்கிறோம். வலையிலோ புட்டியிலோ பிடித்தால் பெரும்பாலும் உடைந்துவிடும். அதனால்தான் இருந்த இடத்திலேயே படம் எடுப்பது. ஆகவே 'திரள்' என்பது சொல்லில் வர வேண்டும். இன்னொன்று, அந்தப் பெயரை 1950களில் வைத்தவர்கள் சுசுகி, கட்டோ என்ற ஜப்பானியர்கள். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் பனி கொட்டும், அவர்களுக்கு அது பொருத்தம்தான்.
– அ.

---

அப்புறம் கேமராவுக்குப் பெயர்? 'துகட்படமி' என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: நீரடித் துகள் கேமரா. கேமரா தெரியாத பிள்ளை இல்லை.
– செ.

---

நன்றி. நான்கு பேர் தனி மடலில் 'கடற்பனி'யே இருக்கட்டும் என்கிறார்கள். முதல் இடத்தில் 'கடற்பனி (நீருக்குள் இறங்கும் உயிர்க்கழிவுத் திரள்)' என்று போட்டு அனுப்பிவிட்டேன். கேமரா கேமராவாகவே போகிறது.
– ம.

---

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாளை உண்மையான கடற்பனிக்கட்டி பற்றிக் கட்டுரை வரும், அப்போது இதே குழுவுக்குத்தான் வருவீர்கள். தூவல் மடல் தயாராகிறது.
– புலவர்