அந்தியேட்டிக் குப்பை

கீதா: ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, 150 பேருக்குச் சமையல். சாப்பிட்ட இலை, மிச்சச் சோறு எல்லாம் எங்கே போடுவது? கலந்து கட்டிக் கொடுத்தால் எடுக்க மாட்டோம் என்று பிரதேச சபைக் குப்பை ட்ரக்டர்காரர் சொல்லிவிட்டார்

துஷி: எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு எடுத்தார்களே

கீதா: அன்றைக்கு இரவு ஒரு மணி வரை இருந்து பிரித்தது யார்?

ராணி மாமி: வாழையிலை வேண்டாம் பிள்ளை. லஞ்ச் ஷீட் போடுங்கோ, சுருட்டி எறியலாம்

சிவம் மாமா: ராணி, பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 இலேயே தடை செய்தாயிற்று. எல்லோரும் கவனமாக வாசியுங்கோ. இலையும் சோறும் குப்பைமேட்டுக்குள் காற்றுப் படாமல் அமுங்கிக் கிடந்தால் அழுகி மெதேன் வரும், 20 வருடக் கணக்கில் பார்த்தால் அது காபனீரொட்சைட்டைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதையே வீட்டுக் கோடியில், பின்வளவில், காற்றோட்டமாக உரமாக்கினால் மெதேன் மிகக் குறைவு. ஊர் முழுக்க இப்படிச் செய்தால் ட்ரக்டர் ஓட்டமும் குறையும், டீசலும் மிச்சம். சபை செய்யட்டும் சபை செய்யட்டும் என்று இருந்துதானே கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லவில் 2017 சித்திரை வருடப்பிறப்பன்று குப்பைமலை சரிந்து 32 பேர் போனார்கள்

துஷி: மாமா, மூச்சு விடுங்கோ

ரவி: சபை என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் ஒழுங்கை லைட் இன்றைக்கும் காலை பத்து மணிக்கு எரிகிறது

கீதா: அதை அப்புறம் பார்ப்போம் ரவி

குமார் அண்ணா (கனடா): இங்கே ஈரக்குப்பைக்கென்றே பச்சைத் தொட்டி. வாசலில் வைத்தால் வந்து எடுப்பார்கள்

துஷி: அப்படியென்றால் நீங்கள் வந்து எடுத்துத் தாங்கோ அண்ணா

குமார் அண்ணா (கனடா): சமையல்காரருக்குக் காசு அனுப்பினேன்தானே

கீதா: பாதி

குமார் அண்ணா (கனடா): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சிவம் மாமா: உரக் குழி இடுப்பளவு ஆழம் போதும். இலையைக் கிழித்துப் போட்டு, மேலே வேப்பஞ்சருகு ஒரு அடுக்கு, பிறகு சோறு கறி, திரும்பவும் சருகு. வாரத்துக்கு ஒரு தரம் கிளறிவிட வேண்டும், கிளறாவிட்டால் அதுவும் குப்பைமேடுதான். மரக்கறிச் சாப்பாடு என்றபடியால் நாய் வராது

ராணி மாமி: எங்கள் தெரு நாய் பருப்பும் சாப்பிடும்

கீதா: பின்வேலிப் பக்கம் வெட்டலாம்

ரவி: எந்தப் பின்வேலி? கதியால் நட்டபோதே ஒரு முழம் என் பக்கம் வந்துவிட்டது

கீதா: பெரியம்மா இருக்கும்வரை இதைப் பேசினாயா?

ரவி: அவவுக்குத் தெரியும்

துஷி: தொடங்கிவிட்டார்கள்

சிவம் மாமா: காணிக் கதையை விடுங்கோ. திருகோணமலைப் பக்கம் சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வருகிறது என்றபோதும் நான் இப்படித்தான் தனியாகக் கத்தினேன். 2016 இல் கைவிட்டார்களா இல்லையா? 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது அதே சம்பூரில் சோலாருக்குத் தொடக்க விழாவும் வைத்தாயிற்று

ராணி மாமி: நீங்கள் கத்தித்தான் நிறுத்தினார்களாக்கும். காணி போன சனத்தைக் கேளுங்கோ, நிலக்கரியோ சோலாரோ

சிவம் மாமா: அது வேறு விஷயம்

ராணி மாமி: அதுதான் விஷயம்

கீதா: சரி. வாழையிலை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் கிடையாது, குடத்தில் வைத்து செம்பில் வார்க்கலாம். குழிக்கு யார் வருகிறீர்கள்?

துஷி: நான் சருகு கூட்டுகிறேன்

ரவி: சனிக்கிழமை மூதூரில் வேலை. மண்வெட்டி கோடியில் சாத்தியிருக்கிறது, எடுங்கோ. வெட்டுவதென்றால் கிணற்றடிப் பக்கமாகத் தள்ளி, உங்கள் பக்கம்

கீதா: கிணற்றுக்குப் பக்கத்தில் குப்பைக் குழியா?

சிவம் மாமா: கிணற்றுக்குக் கிட்ட கூடவே கூடாது, ஊறல் இறங்கும். நான் வந்து இடம் பார்க்கிறேன். பின்னேரம் வரட்டோ?

ராணி மாமி: பெரிய கிடாரம் யார் வீட்டில் நிற்கிறது? பாயாசத்துக்குச் சவ்வரிசியும் இன்னும் வாங்கவில்லை