ரயில் தண்ணீர் போத்தல் விலை: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேன்: கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும்போது ரயில் கன்ரீனில் 1 லீற்றர் தண்ணீர் போத்தலுக்கு 150 ரூபா வாங்கினார்கள், பற்றுச்சீட்டும் தரவில்லை.

முதலில் ஒரு திருத்தம். "ரயிலுக்குள் விலை அவர்கள் விருப்பம்தானே" என்று நானே எழுதியது பிழை. 2025 ஏப்ரலில் இருந்து 1 லீற்றர் போத்தலின் உச்ச சில்லறை விலை 100 ரூபா. ஓடுகிற ரயிலிலும் அதுதான். மீறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். நான் அழைத்தேன். திகதி, ரயில், பெட்டி கேட்டுப் பதிந்துகொண்டார்கள். போத்தலின் படம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த பயணத்தில் அதே கன்ரீனில் நின்ற தம்பியிடம் மெதுவாகக் கதைத்தேன். "அண்ணா, முதலாளி சொல்லுற விலைக்குத்தான் விற்கிறம், நாளுக்கு இவ்வளவு கட்டவேணும்" என்றான். அவனோடு சண்டை பிடித்துப் பயனில்லை. ஆகக் கூடிய வாடகை தருபவருக்கே கன்ரீனைக் கொடுத்தால் அந்தக் காசு வடையிலும் தேநீரிலும்தான் திரும்ப எடுக்கப்படும். ஒப்பந்தத்திலேயே விலையையும் அளவையும் எழுதி, பட்டியலை மூன்று மொழியிலும் பெட்டிக்குள் ஒட்ட வேண்டும். இந்திய ரயில்களில் பில் தராவிட்டால் உணவு இலவசம் என்று அறிவித்தார்கள். இங்கேயும் அதைக் கேட்போம்.

ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம், பிள்ளைகளோடு வருபவர்கள் தண்ணீர் வாங்காமல் இருக்க முடியாது. முறைப்பாட்டுக்குப் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.