திங்கட்கிழமை யாழினி எங்கே இருப்பாள்?

குழு: வண்ணாரப்பேட்டை வீடு
குழு விதி (திருவொற்றியூர் பெரியப்பா): இங்கே பிழையற்ற எழுத்துத் தமிழில் முழு வாக்கியங்களாக மட்டுமே எழுத வேண்டும்.

ராயபுரம் அத்தை: வருகிற திங்கட்கிழமை வடிவுடையம்மன் கோயிலில் பேரனுக்குக் காது குத்துகிறோம். ராகு காலம் 9 மணிக்கு முடிவதால் 9.15க்கு வைத்திருக்கிறோம். யாழினி கட்டாயம் வர வேண்டும்.

யாழினி: மன்னித்துவிடுங்கள் அத்தை. அன்றுதான் இதயத்தின் மின்னோட்டத்தை ஆராயும் ஈ.பி. ஆய்வகத்தில் என்னுடைய ஓராண்டுப் பயிற்சி தொடங்குகிறது. முதல் நாளே விடுப்புக் கேட்க இயலாது.

ராயபுரம் அத்தை: நான்காண்டு படித்தது போதாதா? அந்த அறையில் நாள் முழுதும் எக்ஸ்ரே ஓடுமாம், அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் குழந்தையே பிறக்காதாம் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள்.

அம்மா: அண்ணி, இதைக் குழுவில் எழுதியிருக்க வேண்டாம்.

ராயபுரம் அத்தை: அக்கறையில் எழுதினேன்.

கார்த்தி: வெந்நீர் குடித்தால் மாரடைப்பு வராது என்று அனுப்பியதும் அக்கறையில்தான்.

திருவொற்றியூர் பெரியப்பா: அம்மா யாழினி, ஈ.சி.ஜி. எடுக்கத்தான் உனக்கு முன்பே தெரியுமே. இன்னோர் ஆண்டு எதற்கு என்பதை எல்லோருக்கும் புரியும்படி விளக்கு.

யாழினி: பெரியப்பா, இதயம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை எழுப்பும் துடிப்பு, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவில் உள்ள ஏ.வி. கணுவில் சற்றுத் தாமதித்து, ஹிஸ் கற்றை என்னும் இழைகள் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கும். துடிப்பு அதில் புகுந்து வட்டமடிக்கத் தொடங்கினால் நெஞ்சு 180, 200 என்று அடித்துக்கொள்ளும். அந்த வட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மார்பில் ஒட்டி எடுக்கும் ஈ.சி.ஜி. ஓரளவுக்குத்தான் காட்டும். ஆகவே மருத்துவர் தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் செலுத்துவார். அவை அனுப்பும் அலைகளைத் திரையில் அளப்பதும், மருத்துவர் சொல்லும் கணக்கில் வெளியிலிருந்து மின்துடிப்புக் கொடுத்து அதே படபடப்பை வரவழைத்துப் பார்ப்பதும் எங்கள் மேசையில் நடக்கும். அந்தக் கணக்கு இப்படி இருக்கும்: 600 மில்லிவிநாடி இடைவெளியில் எட்டுத் துடிப்புகள், ஒன்பதாவது மட்டும் சற்று முன்னதாக. அடுத்த சுற்றில் அது இன்னும் 10 மில்லிவிநாடி முன்னதாக. எக்கோ, ட்ரெட்மில், ஹோல்டர், கேத் லேப் ஆகிய இதயப் பரிசோதனை வேலைகளை மூன்றாண்டு பி.எஸ்சி.யிலும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியிலும் செய்துவிட்டேன். இந்த அறையில் மட்டும் பின்னால் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி.

பெரம்பூர் சித்தப்பா: ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு நான் செய்த வேலையும் இதுதான். மின்சாரம் எந்தக் கம்பியில் தவறாக ஓடுகிறது என்று தேடி, அதை மட்டும் வெட்டுவேன்.

யாழினி: நீங்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டினீர்கள் சித்தப்பா. இங்கே அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்ட வேண்டும்.

பெரம்பூர் சித்தப்பா: அதுவும் சரிதான்.

யாழினி: குறுக்குவழியைக் கண்டுபிடித்ததும் கம்பி நுனியால் அந்தத் திசுவை 50, 60 டிகிரிக்குச் சூடேற்றிச் சுட்டுவிடுவார்கள். பல நேரம் அந்த இடம் ஏ.வி. கணுவுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். சுடும்போது மேலறைத் துடிப்பு ஒன்றே ஒன்று கீழே இறங்காமல் போனாலும், திரையைப் பார்ப்பவர் அக்கணமே “நிறுத்துங்கள்” என்று சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் அந்தக் கணுவே கெட்டு, நோயாளி ஆயுள் முழுதும் பேஸ்மேக்கரோடு வாழ நேரலாம். எக்ஸ்ரேயைவிட அந்த ஒரு விநாடியை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

திருவொற்றியூர் பெரியப்பா: 1975இல் மருத்துவர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தது நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் என்பதை இளைய தலைமுறை அறிய வேண்டும்.

ராயபுரம் அத்தை: அண்ணா, அதற்கும் காதுகுத்துக்கும் என்ன தொடர்பு? பேஸ்மேக்கர் என்றதும் நினைவு வருகிறது. அப்பாவுக்கு வைத்த பேஸ்மேக்கருக்குப் பணம் கட்டியது யார் என்று நான் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

பெரம்பூர் சித்தப்பா: அக்கா, இந்தக் குழுவில் மட்டும் நான்கு முறை திறந்துவிட்டாய்.

யாழினி: தாத்தாவை மூலக்கொத்தளம் சுடுகாட்டிற்குக் கொண்டுபோகும் முன் அந்தக் கருவியை எடுத்தாக வேண்டும் என்று சொன்னவரிடம், விற்பதற்காகப் பிடுங்குகிறீர்களா என்று நம் வீட்டார்தான் சண்டைக்குப் போனார்கள். எரியும்போது அதன் மின்கலம் வெடிக்கும் என்பதை அவர் வாசலில் நின்று மூன்று முறை பொறுமையாக விளக்கினார். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு.

பெரம்பூர் சித்தப்பா: சண்டைக்குப் போனவன் நான்தான்.

யாழினி: எக்ஸ்ரே பற்றியும் சொல்லிவிடுகிறேன் அத்தை. எங்கள் மேசை பெரும்பாலும் ஈயக் கண்ணாடிக்கு வெளியே இருக்கும்; உள்ளே போனால் ஈய அங்கியும் கழுத்துப் பட்டையும் அணிவோம். சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பட்டையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி, எங்கள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. கருவுற்றிருப்பதைத் தெரிவித்தால் குழந்தைக்கென்று தனியாக மிகக் குறைந்த வரம்பு உண்டு. கம்பி இதயத்துக்குள் எங்கே இருக்கிறது என்பதைத் திரையில் காட்டும் முப்பரிமாண வரைபடக் கருவி வந்தபின் எக்ஸ்ரேயின் தேவையும் நன்றாகக் குறைந்திருக்கிறது.

ராயபுரம் அத்தை: அந்த ஈய அங்கியைச் சுமந்தால் இடுப்பு என்னவாகும்?

யாழினி: அது உண்மை அத்தை. அங்குள்ள மூத்தவர்கள் எல்லோரும் குறைப்படுவது அதைப் பற்றித்தான்.

ராயபுரம் அத்தை: என் மகனைக் கட்டியிருந்தால் எதையும் சுமக்க வேண்டியிருந்திருக்காது.

அம்மா: அண்ணி.

கார்த்தி: ஆயா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். குழு விதிப்படி எழுத்துத் தமிழில் தருகிறேன்: “ராகு காலம் 7.30க்குத்தானே தொடங்குகிறது, அதற்கு முன் காதைக் குத்திவிட்டுப் பெண்ணை வேலைக்கு அனுப்புங்கள்.” ஆயா இடையில் பயன்படுத்திய இரண்டு சொற்களைப் பெரியப்பாவுக்காக நீக்கியிருக்கிறேன்.

யாழினி: நான் 8.30க்கு அங்கே இருக்க வேண்டும். ஏழு மணிக்குள் முடிந்தால் தேரடியில் மெட்ரோ பிடித்துவிடுவேன்.

ராயபுரம் அத்தை: குருக்களிடம் கேட்கிறேன். பந்திக்கு நேரம் சொல்லியாகிவிட்டது, அதை மாற்ற முடியாது.

திருவொற்றியூர் பெரியப்பா: அப்படியானால் விழா 6.45க்கா, 9.15க்கா?

பெரம்பூர் சித்தப்பா: அது எப்போதானாலும், ஆயாவை யார் அழைத்து வருகிறீர்கள்?