டேம் எழுத்துரு, பேஜ்மேக்கர், எல்பிபி 2900: அழைப்புப் பத்திரிகை அச்சடிக்கும் கடை லினக்ஸுக்கு மாறலாமா?

கல்லுக்கட்டி (கேள்வி)

காரைக்குடியில் கல்யாணம், சாந்தி, புதுமனை, படைப்பு அழைப்பு அச்சடிக்கும் கடைக்காகக் கேட்கிறேன். மூன்று சிஸ்டம். மூன்றும் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, 11 இந்த மெஷினில் முறைப்படி ஏறாது. டைப் செய்பவர் தமிழ்99 கீபோர்டு முறையில் பழகியவர். பிரிண்டர் கேனான் எல்பிபி 2900. பழைய வேலை எல்லாம் பேஜ்மேக்கர் 7 (பக்கம் அமைக்கும் பழைய விண்டோஸ் மென்பொருள்), டேம் எழுத்துரு (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு முறை). எந்த லினக்ஸ் போடலாம், பழைய ஃபைலை என்ன செய்யலாம்? "ஒயினில் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) ஓட்டிப் பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா

லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04 அடித்தளம், 2029 வரை அப்டேட் வரும். மின்ட்டின் இன்னொரு பதிப்பான சின்னமன் அழகுதான், ஆனால் 4 ஜிபியில் பிரவுசரையும் லிப்ரே ஆபிஸையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். உண்மையில் ஓஎஸ்ஸை விட ஹார்ட் டிஸ்க்தான் உங்களைக் காக்க வைக்கிறது. ஆளுக்கொரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். டிடிஆர்3 ராம் பழசு கிடைத்தால் 8 ஜிபியாக்குங்கள். பழைய டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருக்கட்டும் என்றால், முதலில் விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணையுங்கள். அது ஆன் ஆக இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும், ஃபைலைச் சேமிக்க விடாது. "லினக்ஸ் என் டி டிரைவைப் பூட்டிவிட்டது" என்று வருகிற புகாரில் பெரும்பாலானது இதுதான்.

தமிழ்99-க்கு ஒரு எச்சரிக்கை. கீபோர்டு செட்டிங்கில் 'தமிழ்நெட் 99' என்று ஒரு லேஅவுட் கண்ணில் படும். அதை எடுக்காதீர்கள். அது வெறும் கீ வரைபடம், முன்னால் அடித்த எழுத்து எது என்று அதற்குத் தெரியாது. தானாகப் புள்ளி வைக்காது, 'அப்பச்சி' என்று அடித்தால் 'அபபசசி' என்று நிற்கும். தமிழ்99 பழகிய கைக்கு அது பைத்தியம் பிடிக்க வைக்கும். மென்பொருள் நிறுவும் சினாப்டிக்கில் ஐபஸ் (தட்டச்சு முறைகளைக் கையாளும் நிரல்), ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, 'இன்புட் மெத்தட்' பகுதியில் ஐபஸ்ஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸில் தமிழ் என்பதன் கீழ் எம்17என் தரும் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். லாக் அவுட்டை விட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

லிப்ரே ஆபிஸில் இன்னொரு குழி. தமிழ் அங்கே 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்' வகை. ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் அதை டிக் செய்து, மொழியைத் தமிழாக்குங்கள். கேரக்டர் பெட்டியில் மேற்கத்திய எழுத்துருவுக்கும் தமிழுக்கும் தனித்தனி அளவு இருக்கும். மேலே 18 வைத்தும் தமிழ் 12-லேயே நின்றால் காரணம் அதுதான்.

பள்ளத்தூர்

பிரிண்டர் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வண்டி அங்கேதான் நிற்கும்.

எல்பிபி 2900 கேப்ட் என்ற தன் சொந்த மொழியில்தான் தரவை வாங்கும். பொதுவான அச்சு மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் அதற்குத் தெரியாது. கேனான் தரும் லினக்ஸ் டிரைவர் 2.71-ல் இரண்டு தொகுப்பு, 'காமன்' முதலில், 'கேப்ட்' பிறகு. உள்ளே இருப்பதில் சில 32-பிட் நிரல். 64-பிட் மின்ட்டில் ஐ386 (32-பிட்) நூலகங்களைச் சேர்க்காவிட்டால், நிறுவல் பிழையில்லாமல் முடிந்தது போலத் தெரியும், பேப்பர் மட்டும் வராது.

லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் சிசிபிடி என்று ஒரு சேவை ஓடும். கப்ஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது யூஎஸ்பி முகவரியைக் கொடுக்கக் கூடாது. லோக்கல்ஹோஸ்ட் 59687 போர்ட்டைக் கொடுக்க வேண்டும், யூஎஸ்பி சாதனத்தை சிசிபிடி பக்கம்தான் பதிய வேண்டும். சிஸ்டம் ஏறிய பிறகு பிரிண்டரை ஆன் செய்தால் பல நேரம் சேவைக்குப் பிரிண்டர் தெரியாது, சேவையை ரீஸ்டார்ட் செய்யணும். கேபிளை வேறு போர்ட்டில் சொருகினால் பிரிண்டரின் சாதனப் பெயர் எல்பி0 என்பது எல்பி1 ஆகிவிடும், ஜாப் 'முடிந்தது' என்று காட்டிவிட்டு மாயமாகும். யூடெவ் (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் பகுதி) விதி ஒன்று எழுதி நிலையான பெயர் கொடுத்துவிடுங்கள். இந்த டிரைவர் வேண்டாம் என்றால் கேப்ட்டிரைவர் என்ற திறமூலத் திட்டம் இருக்கிறது. சோர்ஸிலிருந்து கட்ட வேண்டும்.

விண்டோஸ் மெஷினில் பிரிண்டரை ஷேர் செய்தால் தப்பிக்கலாம் என்று தோன்றும். தப்பிக்க முடியாது, லினக்ஸ் பக்கமும் கேப்ட் தரவாகவே அனுப்பணும். நான் சொல்வது: ஒரு மெஷினை மட்டும் விண்டோஸிலேயே விட்டு, லினக்ஸில் பிடிஎஃப் எடுத்து ஷேர்டு ஃபோல்டரில் போடுங்கள், விண்டோஸ் மெஷினிலிருந்து அடியுங்கள். அசிங்கமான வழிதான், ஆனால் முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் காலை வாராது.

ஒன்பது கோவில்

மேலே இரண்டு பேரும் சொன்னது ஒரு நாள் வேலை. உங்களை விண்டோஸில் கட்டிப்போட்டிருப்பது பேஜ்மேக்கர் கூட இல்லை, டேம். லிப்ரே ஆபிஸ் டிரா பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், பெட்டியும் கோடும் ஓரளவு வரும். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் இல்லை, தமிழ் போல வரையப்பட்ட மேற்கத்திய குறிகள். ஓஎஸ் எதுவானாலும் அதை ஒருநாள் யூனிகோடாக்கித்தான் ஆகணும்.

செய்முறை: பேஜ்மேக்கரில் கர்சரைப் பத்திக்குள் வைத்து, எக்ஸ்போர்ட் போய் வெறும் டெக்ஸ்ட்டாக எடுங்கள். கர்சர் நிற்கிற ஸ்டோரி (ஒன்றோடொன்று தொடரும் உரைத் தொகுதி) மட்டும்தான் வரும், ஒவ்வொன்றையும் தனியாக எடுக்கணும். அந்த ஃபைலை லினக்ஸில் டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எடிட்டர் யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்து, நீங்கள் சேமித்தால் பாதி எழுத்து போயே போய்விடும். லிப்ரே ஆபிஸில் ஃபைல் வகையாக 'டெக்ஸ்ட் – என்கோடிங் தேர்வு' கொடுத்து, விண்டோஸ்-1252 (பழைய மேற்கத்திய என்கோடிங்) என்று சொல்லித் திறங்கள். மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது, டேம், டேப், பாமினி, வானவில் எல்லாம் தெரியும். மின்ட் 22-ல் பிப் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) நேரடியாக நிறுவ மறுக்கும். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (பைத்தானுக்கான தனி ஃபோல்டர்) உருவாக்கி அதற்குள் போடுங்கள்.

சோதிக்க நகரத்தார் கோவில் பெயர்களே போதும். டேமில் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற மட்டமான கருவி 'இளையாத்தங்குடி'யை 'இைளயாத்தங்குடி' ஆக்கும், 'வைரவன்கோவில்' 'ைவரவன்ேகாவில்' ஆகும். அப்படி வந்தால் அந்தக் கருவியைத் தூக்கிப் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தப்பு ஔகாரம். டேமில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள'வுக்கும் ஒரே குறி. அதனால் 'சௌபாக்கியவதி' சில கருவியில் 'செளபாக்கியவதி' ஆகிவிடும். பல எழுத்துருவில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், தேடினால் மட்டும் சிக்காது.

எழுத்துருவுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இலவச யூனிகோடு எழுத்துருக்கள், தலைப்புக்குக் கவிவனர், அரிமா. பேஜ்மேக்கருக்குப் பதிலாகப் பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் 1.6. பழைய 1.4-ல் தமிழ் உடையும், நெட்டில் கிடைக்கிற பழைய டுடோரியலை நம்ப வேண்டாம். அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துருக்களை அவுட்லைனாக்கும் வசதி எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே இருக்கிறது. கலர் வேலை என்றால் அங்கேயே பிரிண்டர் கலருக்கு மாற்றிவிடுங்கள். படம் வரையும் இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி கலரில்தான் தரும்.

கல்லுக்கட்டி

நன்றிண்ணே. ஒரு பழைய பத்திரிகையை மாற்றிப் பார்த்தேன், கோவில் பெயரெல்லாம் சரியாக வந்தது. 'ெள' எல்லாவற்றையும் 'ௌ' என்று ரீப்ளேஸ் ஆல் கொடுத்தேன். இப்போது 'வெள்ளிக்கிழமை' எல்லாம் புள்ளி தனியாகத் தொங்குகிறது.

ஒன்பது கோவில்

உடனே அன்டூ போடுங்க. 'வெள்ளி'யில் ள-வுக்குப் புள்ளி உண்டு, 'வெளியூர்' என்றால் இகரம் உண்டு. ஔகாரத்தின் பாதியாக வருகிற ள-வுக்குப் பின்னால் எந்தக் குறியும் வராது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் 'ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன்ஸ்' (வடிவம் சொல்லித் தேடும் முறை) டிக் செய்து, தேட வேண்டியது ெள(?![ா-்]) என்றும், மாற்ற வேண்டியது ௌ என்றும் கொடுங்கள். ரீப்ளேஸ் ஆல் வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஒரு பத்திரிகையில் ஐந்தாறு இடம்தான் வரும்.

'ஸ்ரீ'யையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். யூனிகோடில் அது ஸ போட்டும் வரும், ஶ போட்டும் வரும். கடையில் ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு மூன்று சிஸ்டத்திலும் அதையே அடியுங்கள்.