சட்டவிரோதப் படங்களைக் கண்டறியும் கருவிகள்: சட்டம் எதைக் கட்டாயமாக்க வேண்டும்?

கேள்வி: ஈசூன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நம் சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு நடைமுறை விதித்தொகுப்பு 2023 ஜூலை 18 முதல் நடப்பில் உள்ளது. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், யூடியூப், டிக்டாக், எக்ஸ், ஹார்ட்வேர்ஸோன் ஆகிய ஆறு தளங்களும் சிறுவர் பாலியல் வன்கொடுமைப் படங்களையும் பயங்கரவாத உள்ளடக்கத்தையும், யாரேனும் புகார் தரும்வரை காத்திராமல், தாமாகவே கண்டறிந்து அகற்ற வேண்டும் என்று அது பணிக்கிறது. இதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

எனினும் ஒரு கவலை. என் தங்கை தன் கைக்குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் படங்களைத் தஞ்சாவூரிலுள்ள எங்கள் அம்மாவுக்காகச் சேமித்து வைப்பாள். அண்மையில் அவளுடைய சேமிப்புக் கணக்கு முடக்கப்பட்டது. விதிமீறல் என்ற ஒற்றை வரியைத் தவிர வேறு விளக்கம் வரவில்லை. படங்கள்தாம் காரணமா என்பதும் தெரியவில்லை. இக்கருவிகள் எவ்வாறு முடிவெடுக்கின்றன? அவற்றைப் பயன்படுத்தச் சொல்லும் சட்டம், அவை தவறும்போது என்ன செய்ய வேண்டும்?

பதில் 1: செங்காங் நிரலாளர்

இரண்டு வேறுபட்ட தொழில்நுட்பங்களை ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் இவ்விவாதம் எப்போதும் குழம்புகிறது.

முதலாவது, ஏற்கெனவே அறியப்பட்ட படத்தை அடையாளம் காண்பது. 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மத் கல்லூரியில் அப்போது பேராசிரியராக இருந்த ஹானி ஃபரீதும் இணைந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ இவ்வகையைச் சேர்ந்தது. அது படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒளியும் நிழலும் மாறும் விதத்திலிருந்து ஹேஷ் எனப்படும் எண்தொடர் ஒன்றைக் கணக்கிடுகிறது. படத்தைச் சுருக்கினாலும் நிறத்தைச் சற்று மாற்றினாலும் அந்த எண்தொடர் பெரிதாக மாறுவதில்லை. வன்கொடுமைப் படங்கள் என்று மனிதர்கள் பார்த்து உறுதிசெய்தவற்றின் பட்டியலுடன் அதை ஒப்பிடுகிறார்கள். உங்கள் தங்கை நேற்று எடுத்த படம் அந்தப் பட்டியலில் இருக்காது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதலின் காணொளிகளில் 1.5 மில்லியனை முதல் 24 மணி நேரத்தில் அகற்றியதாகவும், அவற்றுள் 1.2 மில்லியனுக்கும் மேற்பட்டவற்றைப் பதிவேற்றும்போதே தடுத்ததாகவும் ஃபேஸ்புக் அறிவித்தது. மற்றவை முதலில் தப்பிவிட்டன. ஒரே காணொளியை வெட்டியும் திரையிலிருந்து மறுபடி படம்பிடித்தும் 800க்கும் மேற்பட்ட வடிவங்களில் பரப்பியிருந்தார்கள்.

இரண்டாவது வகை, எவரும் இதுவரை பார்த்திராத படத்தைப் பார்த்து, அது குற்றமாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி. ஆபத்து இங்கேதான். 2021இல் அமெரிக்கத் தந்தை ஒருவர் மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தம் மகனின் உடற்பகுதியைக் கைப்பேசியில் படமெடுத்தார். கூகுளின் கருவி அதைக் குற்றமாகக் குறித்தது. காவல்துறை விசாரித்துக் குற்றம் இல்லை என்று முடிவு செய்த பிறகும் அவருடைய கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. எண்ணிக்கையையும் எண்ணிப் பாருங்கள்: நாளொன்றுக்கு 10 மில்லியன் படங்கள் வரும் தளத்தில், ஆயிரத்தில் ஒன்றை மட்டுமே கருவி தவறாகக் குறித்தாலும், அன்றாடம் ஏறக்குறைய 10,000 படங்கள் காரணமின்றிச் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஆகவே ஒப்பிடும் கருவியைச் சட்டம் தயங்காமல் கட்டாயமாக்கலாம். ஊகிக்கும் கருவியை, பயிற்சி பெற்ற ஒரு மனிதர் பார்த்து உறுதிசெய்யும்வரை எந்தக் கணக்கையும் மூடக்கூடாது என்ற நிபந்தனையோடு மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2: சட்டம் பயின்றவன்

முன்னவர் சொன்ன வேறுபாட்டோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழிக் குற்றத் தீங்குகள் சட்டத்தின்கீழ் அரசாங்கம் ஒரு பதிவை முடக்க உத்தரவிட்டால், அதனால் பாதிக்கப்பட்டவர் முதலில் மறுபரிசீலனை கோரலாம். பின்னர் மாவட்ட நீதிபதியோ நடுவரோ அமரும் மறுஆய்வு மன்றத்திடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ஒரு தளம் தன் சொந்தக் கருவியின் ஊகத்தை நம்பிக் கணக்கை மூடினால், அது நிறுவனத்துக்கும் பயனாளருக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரமாகிவிடுகிறது. அரசின் உத்தரவுக்கு இருக்கும் அந்த மன்றம் அதற்கு இல்லை. கண்டறியும் கடமையைச் சட்டத்தின் வழியாகத் தளத்தின்மீது சுமத்தும் அரசு, அக்கடமையை நிறைவேற்றுவதில் நேரும் பிழைக்கான பரிகாரத்தையும் அதே சட்டத்தில் எழுதியிருக்க வேண்டாமா?

பிரிட்டன் ஓரளவு கவனமாக நடந்துகொண்டது. அந்நாட்டின் 2023 இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் 121ஆம் பிரிவின்படி, ஒரு குறிப்பிட்ட கருவியைப் பயன்படுத்துமாறு ஆஃப்காம் என்னும் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு தளத்துக்கு ஆணையிட வேண்டுமென்றால், குறைந்தபட்சத் துல்லியத் தரத்தை அந்தக் கருவி எட்டியிருப்பதாக முன்பே அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய, தனிப்பட்ட உரையாடல்களுக்கும் அந்தப் பிரிவு நீளக்கூடும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆயினும் துல்லியத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்ற எண்ணம் இங்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

ஈசூன் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. தங்கையிடம் சொல்கிறேன். எழுத்துகளையும் இதே கருவிகள்தாம் ஆராய்கின்றனவா? தமிழில் எழுதினால் அவற்றுக்குப் புரியுமா?

பதில் 3: மொழிபெயர்ப்பாளர், ஜூரோங்

எழுத்துக்கு வேறு கருவிகள் உண்டு. தமிழில் அவற்றின் நிலை கவலைக்குரியது. அவை பெரும்பாலும் ஆங்கிலத் தரவில் பயின்றவை. நம் இளையர்களோ தமிழை ஆங்கில எழுத்தில், ஆங்கிலச் சொற்களும் மலாய்ச் சொற்களும் கலந்து, ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். அதனால் உண்மையான மிரட்டல் கருவியின் கண்ணில் படாமல் போகிறது. நண்பர்களுக்குள் நடக்கும் கேலியோ மிரட்டலாகக் குறிக்கப்படுகிறது. தமிழ்ச் சிறுமி ஒருத்திக்கு வரும் அச்சுறுத்தல், ஆங்கிலத்தில் வரும் அச்சுறுத்தலைக் காட்டிலும் தாமதமாகக் கண்டறியப்படுவதை நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஒரு நாடு ஏற்கக் கூடாது.

விதித்தொகுப்புக்கு உட்பட்ட அந்த ஆறு தளங்களும் ஆண்டுதோறும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் அறிக்கை அளிக்கின்றன. பயனாளர்களின் புகார்மீது நடவடிக்கை எடுக்கப் பெரும்பாலான தளங்கள் சராசரியாக ஐந்து நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டதை ஆணையமே 2025 பிப்ரவரியில் தன் முதல் மதிப்பீட்டில் சுட்டிக்காட்டியது. கருவி குறித்தவற்றுள் எத்தனை தவறானவை, தமிழ், மலாய், சீன மொழிகளில் அந்த விகிதம் என்ன, அம்மொழிகளை அறிந்த பரிசீலனையாளர்கள் எத்தனை பேர் என்பவற்றையும் அந்த அறிக்கைகளில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆணையம் அடுத்த முறை பொதுமக்களின் கருத்தைக் கோரும்போது இதை எழுதி அனுப்ப இருக்கிறேன். உங்கள் தங்கையின் அனுபவத்தையும் பெயர் குறிப்பிடாமல் அதில் சேர்க்க அனுமதி கிடைத்தால் வலுவாக இருக்கும். அதற்குள் அவர் அந்தச் சேவையிடம் மனிதப் பரிசீலனை வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, வரும் பதில்களை எல்லாம் பத்திரப்படுத்தி வைக்கட்டும்.